மேற்கோளும் சான்றும் ஒன்றல்ல



கடந்த ஆண்டு இறுதியில், பாசிர் பெனம்பாங்கை அடுத்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்புக்குச் சென்றிருந்தேன். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதிய வேண்டிய பெற்றோரை ஊக்கப்படுத்துவதற்காக ஏற்பாடு செய்யப்பட்ட கூட்டம் அது. சிறப்புரை ஆற்ற வந்த அன்பர் நல்லெண்ணம் உடையவர். தமிழ்ப்பள்ளிகளின்மீது உண்மையான பற்றுக் கொண்டவர். உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டே வந்தவர், குரலை உயர்த்தி, "தமிழ் மெல்ல மெல்ல இறந்துவிடும் என்று மகாகவி பாரதியே அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனார், அது நம் கண்ணெதிரே நடக்கிறது" என்றார். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இளந்தாய் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் பதிவுப் படிவம் நிரப்பப்படாமல் இருந்தது. "பாரதியாரே அப்படிச் சொல்லிட்டாருன்னா, நாங்க எதை நம்பி இங்க சேர்க்கிறது டீச்சர்?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்ட கேள்வியன்று. மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா, தேசியப் பள்ளியில் சேர்ப்பதா என்று மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்த ஒரு தாயின் கேள்வி.

நான் அதிர்ந்துபோனேன். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைக்கக் கூட்டிய கூட்டத்தில், அழைப்பைக் கெடுத்தது ஒரு மேற்கோள். அதுவும் தவறான மேற்கோள்.

பாரதி சொன்னது என்ன?

பாரதியின் 'தமிழ்த்தாய்' என்னும் பாடலில் பேசுபவள் தமிழ்த்தாய். தன் பிறப்பையும் வளர்ப்பையும் பெருமையையும் சொல்லி வருகிறவள், பின்னர் ஒரு பழிச்சொல்லைக் குறிப்பிடுகிறாள். மேலை நாடுகளில் வளரும் புதிய கலைகளைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு இல்லை, ஆகவே தமிழ் மறைந்து மேலை மொழிகளே ஓங்கும் என்று அறிவற்ற ஒருவன் உரைத்துவிட்டான் என்று வருந்துகிறாள். இந்தப் பழி தனக்கு வரலாமா என்று கேட்கிறாள். உலகின் எல்லாத் திசைகளுக்கும் போய் அறிவுச் செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்று தன் பிள்ளைகளை ஏவுகிறாள்.

ஆக, தமிழ் இறந்துவிடும் என்பது பாரதியின் கருத்தன்று. பாரதி மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பிறர் கருத்து. அதைச் சொன்னவனை அறிவிலி என்றே பாட்டுக் குறிக்கிறது. நாமோ அறிவிலியின் சொல்லை எடுத்து, அதன் அடியில் பாரதியின் பெயரை எழுதி, மேடைதோறும் முழங்கிக்கொண்டிருக்கிறோம்! இதைவிடப் பெரிய அநீதியை ஒரு கவிஞருக்குச் செய்ய முடியுமா?

சொற்களை ஏறக்குறையச் சரியாகவே சொல்கிறோம். யாருடைய சொல், எந்த இடத்தில் வந்த சொல் என்பதைத்தான் தவறவிடுகிறோம். இங்கேதான் நான் இன்று எழுத வந்த செய்தி இருக்கிறது.

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தபோது நான் எழுதிக் கொடுத்த இடுபணி ஒன்று சிவப்பு மையுடன் திரும்பி வந்தது. ஓரத்தில் விரிவுரையாளர் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். 'குவோட்' செய்திருக்கிறாய், 'சைட்' செய்யவில்லை என்பது அதன் பொருள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் மேற்கோள் காட்டுவதுதானே என்று எண்ணினேன். 'சைட்' என்றால் கட்டுமானம் நடக்கும் இடம் என்பதைத் தவிர வேறு பொருளும் எனக்குத் தெரியாது. எழுத்து வேறு, ஒலி ஒன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவ்விரு சொற்களின் வேறுபாடு இதுதான். பிறர் சொன்ன சொற்களை மாற்றாமல் அப்படியே எடுத்துச் சொல்வது 'குவோட்'. ஒரு செய்தி யாரிடமிருந்து, எந்த நூலிலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று காட்டுவது 'சைட்'. முன்னது சொல்லைப் பற்றியது. பின்னது மூலத்தைப் பற்றியது.

'சைட்' என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு அழைத்தல், வரவழைத்தல் என்று பொருள். வழக்கு மன்றத்துக்கு ஒருவரை வரச்சொல்வதற்கும் அச்சொல் வழங்கிற்று. நம் மொழியில் சொன்னால் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது. 'குவோட்' என்பதன் வரலாறு இன்னும் வியப்பானது. இடைக்கால இலத்தீனில் நூலின் பகுதிகளுக்கு எண்ணிட்டுக் குறிப்பதையே அதன் மூலச்சொல் உணர்த்தியது. இடத்தைக் குறித்த சொல், காலப்போக்கில் சொல்லை எடுப்பதைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இவ்விரண்டையும் நெருக்கமாகவே வைத்திருந்தனர் என்பது தெளிவு. ஆகவே நாம் குழம்புவதில் வியப்பில்லை.

நம் பிள்ளைகள் நாள்தோறும் புழங்கும் மலாய் மொழியில் இவ்வேறுபாடு அழகாக உள்ளது. 'பெத்திக்' என்றால் பறித்தல். பூவைப் பறிப்பதற்கும் பிறர் உரையிலிருந்து ஒரு பகுதியை எடுப்பதற்கும் அதே சொல்தான். 'ருஜுக்' என்பது அரபு மொழியிலிருந்து வந்தது. திரும்பிச் செல்லுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பறிப்பது ஒரு செயல். பறித்த செடிக்குத் திரும்பிச் செல்ல வழி சொல்வது மற்றொரு செயல். ஆறாம் ஆண்டு மாணவருக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

தமிழில் ஏன் குழப்பம்?

தமிழில் நாம் இரண்டுக்கும் 'மேற்கோள் காட்டுதல்' என்றே சொல்லிவிடுகிறோம். சொல்லை எடுத்தாலும் மேற்கோள், நூலைக் குறித்தாலும் மேற்கோள். ஒரு சொல் இரண்டு வேலைகளைப் பார்க்கும்போது, இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இத்தனைக்கும் மேற்கோள் என்னும் சொல்லுக்குப் பழைய தமிழில் வேறு பொருளும் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆனது. அதன் பொருளை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்துக் காட்டுவது மரபு. அங்கே மேற்கோள் என்பது பிறர் சொல்லன்று. ஆசிரியர் தாமே நிலைநாட்ட மேற்கொள்ளும் கருத்து. ஏது என்பது அதற்குரிய காரணம். எடுத்துக்காட்டு என்பது அதை விளக்கும் வெண்பா. கருத்து, காரணம், விளக்கம் ஆகிய மூன்றையும் பிரித்து வைத்தவர்கள் நம் முன்னோர். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம்.

என் கருத்து இது. பிறர் சொல்லை அப்படியே எடுப்பதை மேற்கோள் என்போம். அது எங்கிருந்து வந்தது என்று காட்டுவதைச் சான்று காட்டுதல் என்போம். இரண்டும் புதிய சொற்கள் அல்ல. புழக்கத்தில் உள்ளவையே. வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்தால் போதும்.

இவ்விரண்டும் நான்கு வகையாகச் சேரும்:

1. மேற்கோளும் உண்டு, சான்றும் உண்டு. திருக்குறளை எழுதி, அதிகாரத்தின் பெயரையோ குறள் எண்ணையோ குறிப்பது. இதுவே சிறந்தது.

2. மேற்கோள் உண்டு, சான்று இல்லை. 'அறிஞர் ஒருவர் கூறியதுபோல்' என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை எழுதுவது. யார் அந்த அறிஞர்? எழுதியவருக்கே தெரியாது.

3. மேற்கோள் இல்லை, சான்று உண்டு. பிறர் கருத்தைத் தம் சொந்த நடையில் சொல்லி, யாருடைய கருத்து என்று குறிப்பது. இதுவும் முற்றிலும் நேர்மையானதே. நேர்க்கூற்று, அயற்கூற்று என்று இலக்கணத்தில் கற்பிக்கிறோமே, அதில் அயற்கூற்றைப் போன்றது இது.

4. மேற்கோள் குறியும் இல்லை, சான்றும் இல்லை. பிறர் கருத்தையோ சொல்லையோ எடுத்துத் தமதுபோல் எழுதுவது. இதற்குத் தமிழில் களவு என்று பெயர்.

நம் பள்ளிகளில் நாம் கற்பிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையை. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. 2021இல் நிறுத்தப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மாணவரைத் தயார்ப்படுத்திய காலத்தில், கட்டுரைக்கு அழகு சேர்க்கும் என்று பத்துப் பதினைந்து பொன்மொழிகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. விளைவு? கடல் கடந்தும் பொருள் தேடச் சொல்லும் ஔவையாரின் கொன்றை வேந்தன் அடியைப் பழமொழி என்று ஒரு மாணவர் எழுதினார். பெற்றோரைத் தெய்வமாகச் சொல்லும் அதே நூலின் முதல் அடியைத் திருக்குறள் என்று மற்றொருவர் எழுதினார். கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அடியைச் சொன்னவர் பெயர் தெரியவில்லை. குற்றம் அவர்களுடையதன்று.

உ.வே.சா. பட்ட பாடு

'கருத்துத்தானே முக்கியம், பெயர் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையே விடை.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு, ஐயர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் பணியில் இறங்கினார். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை ஏட்டில் இருந்தது. உரையாசிரியர் தம் விளக்கத்துக்குத் துணையாகப் பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துத் தருகிறார். ஆனால், எந்த நூல் என்று பல இடங்களில் சொல்வதில்லை. பிறரும் இவ்வாறு சொல்லியிருக்கின்றனர் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். மேற்கோள் இருக்கிறது, சான்று இல்லை!

அந்த அடிகளின் மூலத்தைத் தேடி ஐயர் ஊர் ஊராக அலைந்தார். திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டினார். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபோது, உரையில் பெயரின்றி நின்ற அடிகள் பல அங்கே இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல் வெளிவந்தன. 'யாருடைய அடி இது?' என்னும் கேள்வி அந்த நெடும்பயணத்தில் அவரை விடாது துரத்தியது.

நச்சினார்க்கினியரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் காலத்தில் பாடம் கேட்டவர்கள் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். அடியைச் சொன்னதுமே நூல் நினைவுக்கு வரும். பெயர் தேவைப்படவில்லை. சில நூற்றாண்டுகள் கழிந்தபின், அடி மட்டும் நின்றது, நூல் பரணில் கிடந்தது. இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. சான்று என்பது இன்று நம் எதிரில் இருப்பவருக்காக மட்டுமன்று. நாம் இல்லாத காலத்தில் படிக்கப் போகிறவருக்காகவும்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று நம் கையில் இருப்பவை சில பாடல்களே. அவையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதாலும், புறத்திரட்டு என்னும் தொகை நூல் தொகுத்து வைத்ததாலும் எஞ்சியவை. நூல் அழிந்தது, பெயரோடு சேர்த்து எடுத்து வைத்த பாடல் பிழைத்தது. சான்று காட்டுதல் வெறும் மரியாதை என்று எண்ண வேண்டா. சில வேளைகளில் அதுவே ஒரு நூலின் கடைசி மூச்சு.

ஐயர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம் பதிப்புகளில் மேற்கோள்களுக்குரிய நூல்களை ஆராய்ந்து குறித்த அவர், மூலம் தெரியாதவற்றை மறைக்கவில்லை. தாமாக ஒரு பெயரை ஒட்டவும் இல்லை. 'விளங்கா மேற்கோள்' என்று தனியே பட்டியலிட்டார். எத்தனை பெரிய நேர்மை! தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் பேரறிஞர், தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டு வைத்தார். நமக்கு மட்டும் ஏன் அந்தத் துணிவு வருவதில்லை?

பிள்ளைகளுக்கு இது தேவையா?

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று உடன் பணியாற்றும் நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. துணைநூற்பட்டியல் எழுதும் முறையைத் தொடக்கப்பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'யார் சொன்னது?' என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் ஊட்ட வேண்டும் என்கிறேன்.

முன்னெப்போதையும்விட இன்று அது தேவை. காலையில் எழுந்ததும் புலனத்தில் வந்து குவியும் பொன்மொழிகளைப் பாருங்கள். அப்துல் கலாம் படத்தின் கீழும் புத்தர் படத்தின் கீழும் யார் யாரோ எழுதியவை உலவுகின்றன. கேட்ட கேள்விக்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை சில வேளைகளில் இல்லாத நூலுக்கும் சொல்லாத சொல்லுக்கும் பெயர் கொடுத்து எழுதிவிடுகின்றன. மேற்கோள் எளிதாகக் கிடைக்கும் காலத்தில், சான்றைத் தேடத் தெரிந்த பிள்ளையே ஏமாறாத பிள்ளை.

பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் மீன் வாங்குகிறவர்கள், 'எந்தப் படகு, எப்போது வந்தது?' என்று கேட்காமல் வாங்குவதில்லை. மீனுக்குக் கேட்கும் கேள்வியைச் சொல்லுக்குக் கேட்கக் கூடாதா?

என் வகுப்பில் இப்போது மூன்று பழக்கங்களை வைத்திருக்கிறேன். எந்த மேற்கோளை எழுதினாலும் அடுத்த வரியில் 'இது யாருடையது?' என்பதற்கு விடை இருக்க வேண்டும். பழமொழியானால் பழமொழி என்றே எழுதலாம். இரண்டாவது, சொல் சரியாக நினைவில் இல்லையானால், மேற்கோள் குறி போடாமல் கருத்தை மட்டும் சொந்த நடையில் எழுதிப் பெயரைக் குறிக்க வேண்டும். மூன்றாவது, யார் சொன்னது என்று தெரியாவிட்டால் 'விளங்கா மேற்கோள்' என்று எழுத வேண்டும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்திருக்கிறேன்.

ஒருமுறை கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைப் பற்றி எழுதச் சொன்னேன். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை கூட்டமாக மின்னும் காட்சியை அறியாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை. பெரும்பாலோர் இணையத்தில் கண்டதை அப்படியே எழுதி வந்தனர். ஒரு மாணவர் மட்டும், முன்பு ஆற்றோரம் இதைவிட மிகுதியான மின்மினிகள் இருந்தன என்று எழுதிவிட்டு, பேனாவைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"டீச்சர், இதை என் தாத்தாதான் சொன்னாரு. அவரு பால்மரம் வெட்டுனவரு. அவரு பேரைப் போடலாமா? அவரு அறிஞர் இல்லையே?"

"தாராளமாகப் போடு ஐயா. கண்ணால் கண்டவர் அவர்தான்" என்றேன்.

அந்தப் பையன் தாத்தாவின் முழுப் பெயரையும், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் எழுதினான். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட அந்தத் தோட்டத்தின் பெயர் ஒரு மாணவனின் கட்டுரையில் சான்றாக நின்றது. பெயர் தெரியாத ஆயிரம் அறிஞர்களைவிட அந்த ஒரு தாத்தா எனக்கு மேலானவராகத் தெரிந்தார்.

முடிவாக

முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் போற்றி எடுத்தாள்வது சிறப்பே என்னும் எண்ணம் நன்னூல் பாயிரத்திலேயே உண்டு. மேற்கோள் நம் மரபுக்குப் புதிதன்று. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. சொல்லைப் போற்றுகிறவர்கள் சொன்னவரையும் போற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மேடையில் பேசுவோர், நாளிதழ்களில் எழுதுவோர், குறிப்பாக ஆசிரியர்களாகிய நாம், ஓர் அடியை எடுப்பதற்குமுன் அதன் முன்னும் பின்னும் இருக்கும் அடிகளை ஒருமுறை படித்துவிட்டால் போதும். பாரதிக்கு நேர்ந்த பழி இன்னொருவருக்கு நேராது.

அன்று அந்தத் தாயிடம், பாட்டில் நிகழ்வது என்ன என்று நின்றுகொண்டே விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அது பாரதியார் திட்டுன ஆளு சொன்னதா?" என்று கேட்டுச் சிரித்தார். முழுப் பாட்டையும் எழுதித் தரச் சொன்னார். மறுநாள் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அடியில் பாடலின் பெயரையும் பாரதியின் பெயரையும் மறவாமல் எழுதினேன். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது அவர் உரிமை. அதை முடிவு செய்ய அவர் கையில் பாரதியின் உண்மையான சொல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கடமை.

நீங்கள் கேட்ட 'விளங்கா மேற்கோள்' எதுவும் இருந்தால் எழுதுங்கள். சேர்ந்து தேடுவோம்.